அவர்கள் எனக்குக் காட்டிய லண்டன்

8 மார்ச் 2025, சனி

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம் என்று தெரியவில்லை. இந்தக் கொப்பியிடமே கேட்கிறேன். என் எழுத்து கோட்டில் நிற்காது. ஒரு சொல் மேலே ஏறும், அடுத்தது கீழே விழும். நான் பேனையைக் கத்தி பிடிப்பதுபோலப் பிடிக்கிறேனாம், மருமகள் சொல்கிறாள். அழுத்தி எழுதினால் கடதாசி கிழிகிறது. எழுபது தாண்டிப் பிடித்த பேனை. கை பழக வேண்டும்.

மருமகள் பெயர் தவமலர். என் மகன் குகதாசனின் மனைவி. இரண்டு வருடமாக, நான் ஊரில் இருக்கும்போதே, தன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் முகம் காட்டி எனக்கு எழுத்துப் படிப்பித்தவள். "ஒரு நாளைக்கு ஒரு எழுத்துக் காணும், மாமா" என்பாள். தமிழ் முடிந்து, ரெயில் நிலையப் பெயர் வாசிக்க இங்கிலீசுப் பெரிய எழுத்தும் சொல்லித் தந்தாள். இப்போது ஆறு மாத விசாவில் அவர்களிடம், லூயிஷாமில் இருக்கிறேன். வந்ததும் இந்தக் கொப்பியைத் தந்து, "பாத்ததை எழுதுங்கோ" என்றாள்.

இன்று பார்த்ததை எழுதுகிறேன். சண்முகராசா என்னைப் பழைய லண்டன் பார்க்கக் கூட்டிப்போனான். அவனும் என் ஊர்தான். இளமையில் இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் கள்ளுச் சீவினோம். அவன் நாற்பது வருடத்துக்கு முன்பே இங்கே வந்து, பெற்றோல் செட்டில் வேலை செய்து, இப்போது தோர்ண்டன் ஹீத்தில் ஓய்வாக இருக்கிறான். நான் மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்புவரை பனை ஏறினேன்.

டவர் ஹில் ஸ்டேசன் வாசலில் ஒரு கல் மதில் நிற்கிறது. ரோமாபுரிக்காரர் கட்டியதாம். தொட்டுப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு சிலை. யார் இது என்றேன். "இவனும் ஒரு கள்ள ராசா, அண்ணை" என்றான். அடுத்த சிலைக்கும் அதேதான். அது பெண் சிலை.

9 மார்ச், ஞாயிறு

கால் நோகிறது. நல்ல நோ.

16 மார்ச், ஞாயிறு

சண்முகம் திரும்பவும் கூப்பிட்டான். இந்த முறை தெருக்கள்.

சீப்சைட் என்று ஒரு பெரிய தெரு. அதிலிருந்து சின்னத் தெருக்கள் பிரிகின்றன. மூலைக்கு மூலை பெயர்ப்பலகை. நான் எழுத்துக் கூட்டினேன், சண்முகம் கருத்துச் சொன்னான். பாண் சுட்ட தெரு. பால் தெரு. மரத் தெரு. கோழி விற்ற தெரு. இரும்புக்காரர் ஒழுங்கை. எந்தத் தொழில் செய்தார்களோ அந்தப் பெயரை மதிலில் எழுதி, எத்தனையோ நூறு வருடமாக அப்படியே விட்டிருக்கிறார்கள். இப்போது அங்கெல்லாம் கண்ணாடிக் கட்டடமும் கோட்டுப் போட்ட ஆட்களும்தான். பெயரை மாற்றவில்லை. எனக்கு அது பிடித்தது.

பிறகு ஆற்றுப் பக்கம் இறங்கினோம். ஒரு மாளிகையைக் காட்டி, "அண்ணை, இது ஆரின்ரை எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றான்.

"கள்ள ராசான்ரையோ?"

"இல்லை. கள்ளு விக்கிறவையின்ரை."

முந்திரிகை வைன் விற்றவர்களின் சங்கமாம். வைனும் கள்ளும் ஒன்றுதானே, பழத்தில் வடிந்தால் என்ன, பாளையில் வடிந்தால் என்ன. அவர்களுக்குத் தேம்ஸ் ஆற்றில் அன்னங்கள் சொந்தமாம், அரசருக்கு அடுத்தபடியாக. சண்முகம் சொன்னதால் நான் நம்பவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு சிலை நிற்கிறது, அதன் காலடியில் அன்னம். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"சண்முகம், எங்களுக்கு ஊரிலை கள்ளுத் தவறணை வாசல்லை நிக்கக்கூட இடம் தரேல்லை. இவங்கள் அன்னம் வளத்திருக்கிறாங்கள்!"

அவன் சுற்றிப் பார்த்தான். "மெல்லமாக் கதையுங்கோ அண்ணை. இஞ்சை எங்கட ஆக்கள் எங்கையும் நிப்பினம்."

நிற்கட்டுமே. ஐம்பது வருடம் ஏறினேன். விழவில்லை. அந்தக் காசில் குகதாசன் படித்தான்.

21 மார்ச், வெள்ளி

வீட்டில் கலியாணக் கதை நடக்கிறது. பேத்தி கம்சிகாவுக்கு. மருந்துக்கடையில் பெரிய வேலை, இருபத்தேழு வயது. பையன் பெயர் நிசாந்தன், வெம்பிளிப் பகுதி. அவளாகப் பழகியவன்தான், இப்போது பெரியவர்கள் பேசுகிறார்கள்.

அவள் வேலையால் வந்ததும் என்னிடம் வருவாள். "அப்பப்பா, இண்டைக்கு எங்க போனீங்க?" அவளுக்குத் தமிழ் கொஞ்சம் வழுக்கும். 'அப்பப்பா' மட்டும் வழுக்காது.

நான் கலியாணத்துக்காகத்தான் வந்தேன் என்று வெளியே சொல்லவில்லை. ஆனால் அதுதான். கலியாணக் காலை பெண்ணின் தலையில் பாலும் அறுகும் வைத்து முழுக வார்ப்பார்கள். மூத்தவர் முதலில் வைக்க வேண்டும். இந்த வீட்டில் மூத்தவன் நான். அவளுக்கு வைத்துவிட்டுப் போனால் போதும்.

"மாப்பிள்ளைப் பகுதி எப்ப வருகினம், பிள்ளை?" என்று தவமலரைக் கேட்டேன்.

"சாதகம் பாக்கினம் மாமா. பேந்து வருவினம்."

6 ஏப்ரல், ஞாயிறு

டவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வேதக் கோயில். யுத்தத்தில் குண்டு விழுந்து கூரை போய்விட்டது. அவர்கள் திருப்பிக் கட்டவில்லை, இடித்துத் தள்ளவும் இல்லை. யன்னல் ஓட்டைகளில் கொடி படர்கிறது. உள்ளே வாங்கு போட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டை அங்கே இருந்து சான்ட்விச் சாப்பிட்டாள். நாங்களும் இருந்து தவமலர் கட்டித் தந்த புட்டைச் சாப்பிட்டோம். குண்டு விழுந்த இடத்தில் பயப்படாமல் இருந்து புட்டுத் தின்பது இதுதான் முதல் தடவை.

திரும்பி வரும் ரெயிலில் ஒரு தமிழ் ஆள். எங்கள் கதையைக் கேட்டு, "ஐயா எவ்விடம்?" என்றார். ஊர்ப் பெயர் சொன்னேன். "அட! அங்கை எந்தப் பக்கம்? கோயிலுக்கு வடக்கையோ, தெற்கையோ?"

இந்தக் கேள்வி எனக்குத் தெரியும். திசை கேட்கிற கேள்வி அல்ல அது. என்ன சாதி என்று கேட்கிறார். சொல்ல நான் வாய் எடுத்தேன். சண்முகம் முந்திக்கொண்டான்: "சந்திக்குக் கிட்ட. இவர் கூட்டுறவுச் சங்கக்கடையிலை இருந்தவர்."

அந்த ஆள் இறங்கிய பிறகு, "ஏன்டா அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன்.

"சும்மா அண்ணை. ஆளைத் துலைக்க."

26 ஏப்ரல், சனி

கிரீனிச். மலை ஏறினோம். உலகத்தை நெடுக்காகப் பிரிக்கிற கோடு ஒன்று நிலத்தில் இருக்கிறது. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்து நின்றேன். சண்முகம் படம் எடுத்தான். நான் படத்தில் சிறுபிள்ளைபோலச் சிரிக்கிறேன். வீட்டுக்குப் போவோம் என்றால், "இன்னும் ஒரு தேத்தண்ணி, அண்ணை" என்கிறான். அவனுக்குப் போன் வந்த பிறகுதான் எழும்பினான். நல்ல சிநேகிதன்.

வீட்டில் பயித்தம் பணியாரம் இருந்தது. ஆர் சுட்டது என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை தந்தது என்றாள் தவமலர்.

17 மே, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். முதலில் காலை.

லூயிஷாம் ஸ்டேசனில் நிற்கும்போது சண்முகம் போன் எடுத்தான். "அண்ணை, எனக்குக் காய்ச்சல். எழும்ப ஏலாமல் கிடக்குது."

"சரி, படு. நான் வீட்டை போறன்."

"வீட்டை போகாதையுங்கோ!" — அப்படி ஒரு சத்தம். பிறகு தணிந்து, "நல்ல வெய்யிலெல்லோ. சந்தையைச் சுத்திப் பாருங்கோ. பின்னேரமாப் போங்கோ" என்றான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏன் சந்தை? நானே போகிறேன், லண்டனுக்கு.

போனேன். லண்டன் பிரிட்ஜில் நானே பெயர் வாசித்து இறங்கினேன். நானே பாலம் கடந்தேன். ஆறு பழுப்பாக, வேகமாக ஓடியது. மீன்காரர் சங்கத்தின் மாளிகையைத் தாண்டி, கேட்டுக் கேட்டுச் சீப்சைட் போய்ச் சேர்ந்தேன். பால் தெருவின் பலகைக்குக் கீழே நின்று சத்தமாக வாசித்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபத்தாறு வருடத்தில் ஓர் ஊரை நானாக வாசித்தது இன்றுதான்.

மத்தியானம் மழை வந்தது. இதை உடனே கம்சிகாவிடம் சொல்ல வேண்டும் என்று ரெயில் ஏறினேன்.

வீட்டு வாசலில் நிறையச் சப்பாத்துகள். என் திறப்பால் கதவைத் திறந்தேன்.

சோபாவில் ஒரு நடுத்தர வயது அம்மா, காப்புக் குலுங்க. பக்கத்தில் அவரது கணவர். இன்னொரு பெண். மேசையில் முறுக்கு, கேக், பயித்தம் பணியாரம். குகதாசன் எழும்பினான். என் மகனின் முகத்தில் நான் அப்படி ஒரு பயத்தைக் கண்டதில்லை, ஆமிக்காரன் அவனைப் பிடித்துக்கொண்டு போன அன்றுகூட.

"வாங்கோ, வாங்கோ" என்றான் என்னைப் பார்த்து. பிறகு அவர்களிடம்: "இவர் எங்கட ஊர் ஆள். சண்முகராசா அண்ணையோட வந்து நிக்கிறார். சும்மா பாத்திட்டுப் போக வந்திருக்கிறார்."

வீட்டுத் திறப்பு என் கையில் இருந்தது. அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். ஏன் போட்டேன்? ஏனடா போட்டாய்?

என்னைக் கதிரையில் இருத்தினார்கள். கம்சிகா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள், சீலை கட்டி. என் முன்னால் குனிந்து, "எடுங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

காப்புப் போட்ட அம்மா மாப்பிள்ளையின் தாய். நல்ல மனுசி, கதைக்க விருப்பமுள்ளவர்.

"அப்ப ஐயாவுக்கு குகதாசன்ரை தகப்பனைத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்."

"சங்கக்கடை மனேஜராம். தங்கமான மனுசனாம். எங்களுக்குக் காணக் குடுத்து வைக்கேல்லை. என்ன வருத்தத்திலை மோசம் போனவர்?"

தவமலர் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனாள்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றேன். "நான் அப்ப அங்கை நிக்கேல்லை."

"செத்தவீட்டுக்கும் போகேல்லையோ?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

குகதாசன் இருமினான். அந்த அம்மா, "ச்ச, பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். வந்த ஆள் போக வேண்டும்தானே. "அப்ப நான் வாறன்" என்று எழும்பி வெளியே வந்து, மழையில், பஸ் நிற்கிற இடத்தில் இருந்தேன். அவர்களின் கார் போகும் வரைக்கும்.

18 மே, ஞாயிறு

நான் செத்து எவ்வளவு காலம்? கேட்க வேண்டும்.

19 மே, திங்கள்

குகதாசன் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் இருந்தான்.

"அப்பா, கேளுங்கோ. அவை விசாரிக்கிற ஆக்கள். சாதி தெரிஞ்சால் விட்டிட்டுப் போயிடுவினம்."

"விசாரிச்சால் நான் உயிரோட இருக்கிறது தெரிய வராதோ?"

"ஆரிட்டை விசாரிப்பினம்? எங்கட குறிச்சி முப்பது வருசம் ஆமி வேலிக்குள்ளை கிடந்தது. சனம் முழுக்கச் சிதறிப் போச்சு."

"அப்ப என்னைச் சாக்காட்ட வசதியாப் போச்சு."

"நீங்கள் வாய் திறந்தால் மரம் ஏறின கதை சொல்லுவியள், அப்பா. வெக்கப்பட்டுச் சொன்னாலும் பரவாயில்லை. பெருமையாச் சொல்லுவியள்."

உண்மைதான். பெருமையாகத்தான் சொல்லுவேன்.

"எப்ப செத்தனான்?"

"அவை முதல் கேக்கேக்கை செத்திட்டார் எண்டு சொல்லிட்டன். போன வருசம். நீங்கள் விசா கிடைச்சு வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

பிறகு அவன் அழுதான். முன்பென்றால் முதுகைத் தடவியிருப்பேன். கை போகவில்லை.

24 மே, சனி

சண்முகத்தைச் சந்தித்தேன். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேசனில், வழக்கமான வாங்கில். அவனுக்குக் குகதாசன் எதுவும் சொல்லவில்லைபோல. சிரித்துக்கொண்டு வந்து, "இண்டைக்கு எங்கை போவம், அண்ணை?" என்றான்.

"நீ சொல்லு. குகன் என்னை எங்கை கொண்டுபோகச் சொன்னவன்?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு வாங்கில் இருந்தான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. மாப்பிள்ளைப் பகுதி வீட்டை வருகினம், அப்பாவைப் பொழுதுபடும் மட்டும் வைச்சிருங்கோ எண்டு குகன் கேட்டவன்."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும்."

அப்படியென்றால் மதில் பார்த்த அன்று அவர்கள் முதல்முறை வந்தார்கள். அன்னத்தைப் பார்த்து நான் சிரித்த அன்று வந்தார்கள். குண்டு விழுந்த கோயிலில் புட்டுச் சாப்பிட்ட அன்றும், கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நின்ற அன்றும். அந்தப் புட்டை அவள் என்ன மனத்தோடு கட்டினாள்?

"குகன் வெருட்டினவனோ, உன்னை?"

"வெருட்டத் தேவையில்லை அண்ணை. என்ரை பெடியளுக்கு நான் ஆரெண்டு தெரியாது. தங்கட அப்பப்பா வயல் வைச்சிருந்த கமக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். மருமகள்மார் வேற ஆக்கள். குகன்ரை கதை வெளியிலை வந்தால் என்ரையும் வரும்."

ரெயில்கள் வந்தன, போயின.

"ஆனா ஒண்டு, அண்ணை. உங்களோட சுத்தினது எனக்குச் சந்தோசம். அது பொய்யில்லை."

"எனக்கு எப்பிடியடா தெரியும்? நீ எல்லாச் சிலைக்கும் பொய் சொன்னனி."

அவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

2 ஜூன், திங்கள்

தவமலரைக் கேட்டேன். கேட்கக்கூடாது என்று பல நாள் இருந்தேன்.

"என்னை ஏன் பிள்ளை எழுத்துப் படிப்பிச்சனி?"

அவள் கையில் வெங்காயம். உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப கம்சிகா எங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தவள், மாமா, அந்தப் பெடியனை. நீங்கள் கலியாணத்துக்கு வருவியள் எண்டுதான் நினைச்சிருந்தன். பேப்பர் பாக்க, ஒரு கையெழுத்து வைக்கத் தெரிஞ்சால் ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டினம் எண்டு... பேந்து இவர் சொன்னார், எழுத்துத் தெரிஞ்சாலும் வாய் சும்மா இருக்காதெண்டு."

"அதுக்குத்தானோ?"

"அதுக்கு மட்டும் இல்லை, மாமா."

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. நான் சரியாக எழுதிக் காட்டினால் போனுக்குள் கைதட்டுவாள். அந்தக் கைதட்டில் எவ்வளவு எனக்கு, எவ்வளவு சபைக்கு? இப்போது இதை எழுதுகிற எழுத்தும் அவள் தந்ததுதான். வேறு எழுத்து என்னிடம் இல்லை.

14 ஜூன், சனி

மண்டபம் கிடைத்துவிட்டது. யாரோ வேண்டாம் என்று விட்ட நாளாம். ஜூலை ஐந்து.

கம்சிகா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பப்பா, ஐ ஆம் சொறி. அண்டைக்கு... ஐ ஃப்றோஸ்."

"நிசாந்தனுக்குத் தெரியுமோ?"

தலையை ஆட்டினாள். இல்லை. "நான் சொல்லுவன். ஆஃப்டர் த வெடிங்."

"ஏன் பேந்து? அவன் விட்டிட்டுப் போவான் எண்டோ?"

"அவன் போகமாட்டான். ஐ திங்க் போகமாட்டான்." பிறகு மெதுவாக, "கேட்டுப் பாக்கப் பயமா இருக்கு" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் ஆறுதல். இந்த வீட்டில் எனக்கு உண்மை சொன்ன ஆள் அவள்தான். ஆனால் அவளும் பிறகுதான் சொல்வாளாம். எல்லாருக்கும் நான் பிறகுதான்.

20 ஜூன், வெள்ளி

இன்று வெம்பிளிக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியும். ஒரு வசனம் போதும். வீடு தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எந்தக் கோயிலுக்குப் போவார் என்று அன்றைக்கு மாப்பிள்ளையின் தாய் கதையோடு கதையாகச் சொன்னார்.

லண்டன் பிரிட்ஜில் ஜூபிலி ரெயில் மாறினேன். ஒவ்வொரு ஸ்டேசனாக வாசித்துப் போனேன். பிறகு பஸ். படிப்பித்த எழுத்து என்னை எங்கே கொண்டுவருகிறது என்று தவமலர் கண்டால் என்ன சொல்வாள்?

கோயிலுக்குப் பக்கத்து மரக்கறிக் கடையில் அவர் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை முதலில் கண்டது அவர்தான்.

"ஐயா! எங்கை இஞ்சாலை? தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"கெட்டிக்காறன்! எங்கட மனுசன் தனிய றோட்டைக் கடக்காது." கைப்பையை மாற்றிப் பிடித்தார். "கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேணும். பொம்பிளைக்கு அப்பப்பா இல்லாத குறை. ஊர்ப் பெரியவர் ஒராள் எண்டாலும் நிக்கவேணும்."

வசனம் நாக்கில் நின்றது. நான்தான் அந்த அப்பப்பா. அவ்வளவுதான் வசனம்.

சொல்லவில்லை. பயத்தால் இல்லை. கம்சிகாவுக்காக என்று எழுதினால் நான் பெரிய மனுசன்போலத் தெரியும், அதுவும் முழு உண்மை இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நானே போய் வீடு வீடாகச் சொல்வதா? அதைச் சொல்ல வேண்டிய வாய் குகதாசனுடையது.

"பாப்பம், பிள்ளை" என்றேன். அவர் ஒரு மாம்பழம் வாங்கித் தந்தார். ரெயிலில் வரும்போது சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

21 ஜூன், சனி

குகதாசனிடம் சொன்னேன்: "நீ சொல்லு, நான் வாறன். சொல்லாட்டி வரமாட்டன். ஊர் ஆளா வந்து இருக்கமாட்டன்."

"கலியாணம் முடியட்டும், அப்பா."

ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை முன்னுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினான். கேட்டதும் மாற்றினான்.

5 ஜூலை, சனி

இன்று கம்சிகாவின் கலியாணம்.

விடியவே வீட்டில் சனம். நான் அறைக்குள் இருந்தேன். பால் அறுகு வைக்கிற சத்தம் கேட்டது. முதலில் யார் வைத்தது என்று தெரியவில்லை, தவமலரின் தமையனாக இருக்கும். முழுகிவிட்டு, ஈரத் தலையோடு அவள் என் கதவடியில் வந்து நின்றாள்.

"அப்பப்பா."

"நேரம் போகுது, பிள்ளை. வெளிக்கிடு" என்றேன்.

தவமலர் வந்தாள். "மாமா, சண்முகம் மாமாவோட பின்வரிசையிலை எண்டாலும் வந்து இருங்கோ." பின்வரிசைக்கு எனக்கு வெட்கம் இல்லை. என்ன ஆளாக இருப்பது என்பதுதான். அவள் எனக்குப் புட்டுக் கட்டி வைத்திருந்தாள். மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

சண்முகம் காட்டாத ஓர் இடத்துக்குப் போக நினைத்தேன். ஸ்மித்ஃபீல்ட் என்று இறைச்சிச் சந்தை ஒன்று. அதன் பின்னால் பழைய தெருக்கள், துணிச் சந்தை நடந்த தெரு. மரச்சட்டம் போட்ட பழைய வீடு ஒன்றின் கீழே வாசல், அதற்குள் போனால் மிகப் பழைய வேதக் கோயில். வாசலில் கூட்டம், தொப்பியும் பூவும். அங்கேயும் கலியாணம்.

ஒதுங்கி நின்றேன். என்னைவிட வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா, கைத்தடியோடு, என்னிடம் வந்தார். பெண் பகுதியா, மாப்பிள்ளைப் பகுதியா என்று கேட்டார். விளங்கியது. எனக்கு என்ன வந்ததோ, "ஐ கிராண்ட்ஃபாதர்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்தார்.

"நோ, நோ. மை கேர்ள். டுடே. அதர் பிளேஸ்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார், அப்படியென்றால் நீங்கள் இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று.

அந்தக் கேள்வி முழுதாக விளங்கியது. பதில் சொல்ல இங்கிலீசு காணவில்லை. தமிழிலும் தேடினேன்.

அவர் கையில் ஒரு கடதாசிக் கூம்பு வைத்திருந்தார், அதில் காய்ந்த ரோசா இதழ்கள். பாதியை என் உள்ளங்கையில் கொட்டினார். பெண் வெளியே வந்தாள், முகத்தில் வெயில் பட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. எல்லாரும் போட்டார்கள். நானும் போட்டேன்.

நாளை மறுநாள் பிளேன். அடுத்த கிழமை மிச்சத்தை என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அங்கே நான் செத்ததாக யாரும் கேள்விப்படவில்லை.